தலைமன்னார் வழி

கொழும்புக்கும் சென்னைக்கும் இடையேயுள்ள நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 680 கிலோமீற்றர். வரைபடத்தில் அக்கோட்டினை இழுத்துப் பார்ப்போர், அது மன்னார்ப் பெருநிலத்தின் மேலாக வடக்கு நோக்கிச் செல்வதைக் காண்பர். விமானம் இத்தூரத்தை ஒன்றேகால் மணி நேரமளவில் கடந்துவிடுகின்றது. ஆயின், அப்பயணம் மன்னார் மண்ணை மிதித்தே நடைபெற்ற காலம் ஒன்றிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையகத் தோட்டங்களை நாடிவந்த தமிழகத் தொழிலாளர் பலர், தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் தூரத்தை நடந்தே கடந்தனர். காட்டுவழியில் வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையானோர் பலர். அவ்வழியின் நீளத்தை மைற்கணக்கு ஒருபோதும் உணர்த்தாது.

1914ஆம் ஆண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மார்ச் முதலாம் திகதி தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கிற்று. கர்சன், எல்ஜின், ஹார்டிங் என அரசப்பிரதிநிதிகளின் பெயர் தாங்கிய கப்பல்கள் 22 மைல் கடலை இரண்டு மணி நேரமளவில் கடந்தன. மாலையில் எழும்பூரில் புகைவண்டி ஏறியவர் மறுநாட் பிற்பகல் தனுஷ்கோடியை அடைவார். கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி இரவு வண்டியைப் பிடித்தால், அடுத்த காலை கொழும்புக் கோட்டை. இரண்டு இரவும் ஒரு பகலும் கொண்ட இப்பயணம் முழுவதற்கும் பயணச்சீட்டு ஒன்றே. மக்கள் இதனைப் ‘போட் மெயில்’ என்றனர். வணிகரும் மாணவரும் யாத்திரிகரும் தோட்டத் தொழிலாளரும் ஒரே துறையில் இறங்கினர்; அனைவரும் ஒரே மதிப்புடன் வரவேற்கப்பட்டனர் எனக் கொள்வதற்கில்லை. தொழிலாளர் முதலில் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்காகத் தடுத்துவைக்கப்பட்டனர்.

1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. பொருள் படைத்தோர்க்கு இரண்டு இரவுகள் சில மணிகளாயின. ஏனையோர்க்குத் தலைமன்னாரே வழியாக நின்றது.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து கப்பல் மீண்டும் ஓடத்தொடங்கியபோது, நடந்துவந்தோரின் பேரப்பிள்ளைகள் பல்லாயிரவர், தாம் முன்னர்க் கண்டிராத ‘தாயகத்துக்கு’ இத்துறையாலேயே அனுப்பப்பட்டனர். மலையகத்துப் புகைவண்டி நிலையங்களில் எழுந்த அழுகுரல் இன்றும் பேசப்படுகின்றது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தோர்க்கு அக்கரை எத்துணை தொலைவு என்பதை ஒப்பந்தம் எழுதியோர் எண்ணியதாகத் தோன்றவில்லை.

போர் மூண்ட 1980களில் கப்பற்சேவை நின்றது. 1990இல் புகைவண்டியும் நின்றது. 2015 மார்ச்சில் தண்டவாளம் மீண்டும் தலைமன்னார்த் துறையை எட்டியது, கப்பல் வரவில்லை. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து தொடங்கிய சேவை காங்கேசன்துறைக்கே உரியது. இராமேசுவரத்தில் உறவினரைக் காண விழையும் தலைமன்னார்வாசி கொழும்பு விமானத்தையே நாடினால், ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தெற்கே பயணித்து, விமானமேறி, தன் மாவட்டத்தின் மேலாகவோ அருகாகவோ பறந்து, சென்னையிலோ மதுரையிலோ இறங்கி, மீண்டும் கடற்கரையை நோக்கிப் புறப்பட வேண்டும்.