தலையில் மின்சாரம்: திருக்கை மீன் முதல் வீட்டு வரவேற்பறை வரை

போன தவணையில் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி தன் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தாள்: "மின்சாரம் முதுமை மறதி நோயைக் குணப்படுத்தும், அக்கருவியை வீட்டிலேயே பயன்படுத்தலாம்." மொழிப்பிழை ஒன்றும் இல்லை. வலிமிகும் இடங்கூடச் சரிதான். ஆனாலும் அந்த வரிக்கு மதிப்பெண் போட எனக்குக் கை வரவில்லை. எங்கே படித்தாய் என்று கேட்டேன். கைப்பேசியில் வந்த விளம்பரமாம். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, "எங்க பாட்டிக்கு அந்த நோய் இருக்கு டீச்சர். அம்மா அந்த மெஷினை வாங்கலாமான்னு யோசிக்கிறாங்க" என்றாள்.

இப்போது அது வெறும் கட்டுரைத் திருத்தம் இல்லை, பார்த்தீர்களா? அதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்கிறேன். இதை வரலாறாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தலையில் மின்சாரம் வைக்கும் யோசனை புதிது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழையது.

உரோமானியப் பேரரசர் கிளாடியஸ் காலத்தில், கி.பி. 47-ஐ ஒட்டி, ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர் ஒரு மருந்து நூல் எழுதினார். தீராத தலைவலிக்கு அவர் சொன்ன வைத்தியம் மின் திருக்கை மீன். உயிருள்ள மீனை வலிக்கும் இடத்தில் வைக்க வேண்டும். இடம் மரத்துப் போனதும் எடுத்துவிட வேண்டும். நாம் அசாம் பெடாஸ் வைக்கும் ஈக்கான் பாரிக்கு இது உறவு முறை மீன். மின்சாரம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. மீன் தொட்டால் மரத்துப் போகும் என்பது மட்டும் தெரியும்.

அதன்பின் நெடுங்காலம் தாண்டி இத்தாலியின் பொலோனா நகருக்கு வருவோம். லுய்ஜி கால்வானி, தவளைக் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டு 1791-இல் வெளியிட்டார். 1800-இல் வோல்ட்டா தொடர்ந்து மின்னோட்டம் தரும் மின்கலத்தை அறிவித்தார். இந்த இரண்டையும் இணைத்தவர் கால்வானியின் மருமகன் ஜொவானி அல்தினி. (சகோதரியின் மகன். வீட்டுக்கு வந்த மருமகன் என்று எழுதிவிடாதீர்கள்.)

அல்தினியிடம் இரண்டு முகங்கள் தெரிகின்றன. 1801-இல் கடும் மனச்சோர்வில் இருந்த 27 வயது விவசாயி ஒருவரின் தலையில் மின்கலத்தை வைத்து, பல வாரம் சிகிச்சை செய்து, அவர் தேறியதாக எழுதினார். அதற்கு முன் தன் தலையிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார். சில நாள் தூக்கமே வரவில்லையாம். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 1803-இல் அதே மனிதர் இலண்டனில், தூக்கிலிடப்பட்ட குற்றவாளியின் உடலில் மின்சாரம் செலுத்தி, தாடை நடுங்குவதையும் ஒரு கண் திறப்பதையும் கூட்டத்துக்குக் காட்டினார். மருத்துவமும் வேடிக்கையும் ஒரே மேடையில் நின்ற காலம் அது.

வீட்டில் பயன்படுத்துவதும் அப்படித்தான், புதிதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மின் பெல்ட்டுகள் அஞ்சல் வழி விற்றன. நரம்புத் தளர்ச்சி முதல் முதுகுவலி வரை எல்லாம் போகும் என்று விளம்பரம். சியர்ஸ் நிறுவனத்தின் 1902 விற்பனைப் பட்டியலில்கூட அப்படி ஒரு பெல்ட் இருந்தது. "எல்லா நோய்க்கும் ஒரே மருந்து" என்று எவராவது சொன்னால் அன்றும் இன்றும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

1938-இல் உரோமில் செர்லெத்தியும் பினியும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். மாணவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். அது வேறு, இது வேறு. அந்தச் சிகிச்சை பல நூறு மில்லி ஆம்பியர் செலுத்தி, வேண்டுமென்றே வலிப்பை உண்டாக்குவது. மருத்துவமனையில் மட்டுமே செய்வது. நாம் பேசுவது 1 அல்லது 2 மில்லி ஆம்பியர். நோயாளி விழித்துக்கொண்டே இருப்பார். தோலில் லேசாக ஊறும், கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான்.

முதுமை மறதியின் கதை வேறு பாதையில் வந்துகொண்டிருந்தது. 1906 நவம்பரில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் அலோய்ஸ் அல்சைமர், தாம் கவனித்து வந்த ஒரு பெண்ணின் மூளையில் கண்ட மாற்றங்களை எடுத்துச் சொன்னார். 1910-இல் கிரேப்பலின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். இன்று முதுமை மறதிக்கு மிகப் பொதுவான காரணம் அந்த நோய்தான்.

இரண்டு கதைகளையும் நெருங்க வைத்த ஆண்டு 2000. அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷே, பவுலுஸ் என்ற இருவர், உப்புநீரில் நனைத்த பஞ்சு மின்முனைகள் வழியாக 1 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைச் செலுத்தினார்கள். அந்த இடத்து மூளைச் செல்கள் தூண்டப்படும் அளவு மாறியது. மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் அந்த மாற்றம் நீடித்தது. மண்டையோட்டைத் திறக்காமல், ஒரு சின்ன மின்கலத்தால் இது முடிகிறது என்றதும் ஆய்வுகள் பெருகின.

2008-இல் இத்தாலியில் அல்சைமர் நோயாளிகள் 10 பேரிடம் செய்து பார்த்தார்கள். நேர்மின்முனையைப் பொட்டுப் பகுதிக்கும் அதன் மேற்புறத்துக்கும் அருகில் வைத்தபோது, முன்பு பார்த்த சொற்களை அடையாளம் காண்பது கூடியது. முனைகளை மாற்றி எதிர்மின்முனையை வைத்தபோது? குறைந்தது. இந்த ஒரு முடிவை நான் அந்த மாணவிக்கு இரண்டு முறை சொன்னேன். கருவி அதே கருவி, ஆள் அதே ஆள். முனை மாறினால் பலன் தலைகீழாகிவிடும்.

அந்த ஆய்வில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது: போலித் தூண்டல். கருவியைப் பொருத்தி, சில விநாடி மட்டும் மின்சாரம் விட்டு நிறுத்திவிடுவார்கள். அந்த ஊறல் எப்படியும் சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால், தனக்குக் கிடைத்தது அசலா போலியா என்று நோயாளிக்குத் தெரியாது. போலியில் மாற்றம் இல்லாமல் அசலில் மட்டும் இருந்தால்தான் அது மின்சாரத்தின் பலன். அல்தினியிடம் இல்லாதது இதுதான். அவருடைய விவசாயி தேறியது மின்சாரத்தாலா, நல்ல கவனிப்பாலா, தானாகவா என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியாது.

சரி, ஆய்வுகள் ஏன் வீட்டுக்குப் போயின? ஒரு முறை செய்தால் போதாது, நாள்தோறும் வாரக்கணக்கில் செய்ய வேண்டும். மறதி நோயுள்ள முதியவரைத் தினமும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது எவ்வளவு பாடு என்று வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் தெரியும். 2019-இல் வெளியான தென்கொரிய ஆய்வில் நோயாளிகள் 6 மாதம் தினமும் வீட்டிலேயே இதைச் செய்தார்கள். 2021-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் குடும்பத்தினருக்கே பயிற்சி கொடுத்து, 40 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தை 14 வாரம் தரச் செய்தார்கள். நினைவாற்றலில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் இரண்டே பேர். கொரிய ஆய்விலும் மிகச் சிலர்தான். வழி இருக்கிறது என்பதை இவை காட்டுகின்றன. நோய் குணமாகும் என்று இவற்றில் எதுவும் காட்டவில்லை.

இன்னொன்று. இந்த ஆய்வுகளில் "வீட்டில்" என்றால் "தனியாக" என்று பொருள் இல்லை. எவ்வளவு மின்னோட்டம், எந்த இடம், எத்தனை நிமிடம் என்பதை ஆய்வுக் குழு முடிவு செய்து, வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்து, பிறகும் கவனித்து வரும். விளம்பரத்தில் வரும் பெட்டிக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. 2016-இல் இத்துறை ஆய்வாளர்கள் 39 பேர் கையெழுத்திட்டு, தாமாகவே செய்துகொள்வோருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். மின்னோட்டம் நாம் நினைத்த இடத்தில் மட்டும் நிற்பதில்லை, ஒரு திறன் கூடும்போது இன்னொன்று குறையலாம், மாற்றம் நெடுநாள் தங்கலாம், ஆளுக்கு ஆள் பலன் வேறுபடும் என்று அதில் எச்சரித்தார்கள். எழுதியவர்கள் இந்த முறையை வெறுப்பவர்கள் அல்லர், இதை ஆராய்பவர்களே.

மாணவியின் அம்மா ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். கருவியை வாங்கவில்லையாம். பாட்டியின் அடுத்த மருத்துவமனைத் தேதிக்குக் கேள்விகளை எழுதி வைத்திருந்தார். பாட்டிக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பதும் அந்தத் தாளில் இருந்தது. அதைத்தான் முதலில் கேட்கச் சொன்னேன்.

மாணவி தன் வரியை மாற்றி எழுதிக் கொடுத்தாள்: "மெல்லிய மின்னோட்டம் முதுமை மறதி நோயாளிகளின் நினைவாற்றலுக்கு உதவுமா என்று ஆய்வாளர்கள் சோதித்து வருகின்றனர்; மருத்துவரின் கண்காணிப்போடு வீட்டிலும் சோதனைகள் நடந்துள்ளன." கொஞ்சம் நீளந்தான். முழு மதிப்பெண் போட்டேன்.