வீட்டுக்கல்வியா? சான்றிதழுக்கும் வழி பாருங்கள்

குர்ஆன் மனனத்துக்காகவோ வேறு காரணத்துக்காகவோ பிள்ளையை வீட்டில் படிக்கவைக்கும் பெற்றோர் பாடங்களைக் கவனிக்கிறார்கள், சான்றிதழை மறந்துவிடுகிறார்கள். ஹாஃபிழாகிவிட்ட பிள்ளை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் பாலிடெக்னிக் வாசலில் நிற்கக் கூடாது.

அதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

1. தேசிய திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.): 1989இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். 5 பாடங்களில் தேற வேண்டும். 5 ஆண்டுகள் அவகாசம் உண்டு. தமிழ், தெலுங்கு, உருது மொழிகளிலும் எழுதலாம். அம்மையார்குப்பம் போன்ற ஆந்திர எல்லை ஊர்களில், வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி.

2. மாநில வாரியத் தனித்தேர்வு: எட்டாம் வகுப்புக்கு 12½, பத்தாம் வகுப்புக்கு 14½ வயது நிறைந்திருக்க வேண்டும். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியே பதிய மறவாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழையும், பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தால் மாற்றுச் சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள். மனனம் காலையில் என்றால், கணக்கும் அறிவியலும் மாலையில் தினமும் நடக்கட்டும்.

வீட்டுக்கல்வி ஒத்துவரவில்லையா? தயங்க வேண்டாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும்.