தீவக வணிகக் கணக்குமுறை

யாழ்ப்பாணத் தீவகத்தில் வணிகக் கணக்கு, முதல் யாருடையது என்பதைப் பொறுத்து வெவ்வேறாக வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஊரவர் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்தனர்.

தனி வியாபாரத்தின் ஏடு எளிது. போட்ட முதலோடு இலாபத்தைக் கூட்டி, உரிமையாளர் தன் தேவைக்கு எடுத்த எடுப்பனவைக் கழித்தால் மூலதனக் கணக்கு முடிந்தது. கடையிலிருந்து வீட்டுக்குப் போன அரிசியும் எடுப்பனவுதான். உரிமையோ அவ்வளவு எளிதன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை, சொத்தை முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் எனப் பிரிக்கிறது. மணவாழ்வில் தேடிய தேட்டத்தில் மனைவிக்கும் உரிமை உண்டு; சீதனமோ அவருக்கே உரியது. எனவே அவருடைய சீதனப் பணம் கடைமுதலில் சேர்ந்தால் அதைத் தனியே பதிவது அவசியம். கணக்கியல் பாடங்கள் தனி வியாபாரியின் மூலதனத்தை ஒரே ஆளுடையதாகக் காட்டுவது இம்மண்ணுக்குப் போதாது.

சம்பளத்துக்கு நின்ற ஊர்ப் பொடியன் பிறகு பங்காளராவதும் உண்டு. அப்போது ஆளுக்கொரு மூலதனக் கணக்கும் நடைமுறைக் கணக்கும் வேண்டும். அவர் முன்பு பெற்ற சம்பளம் செலவு. பங்காளரானபின் பெறுவது இலாபப் பகிர்வு. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டப்படி, மூலதனம் 1000 ரூபாயைத் தாண்டினால் பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பியவர்களுக்கு, தென்னிலங்கையில் நடந்த இனக்கலவரங்களில் கடையும் ஏடும் எரிந்தபோது பங்கை நிறுவ வழியிருக்கவில்லை. கம்பனியோ சட்டத்தின் பார்வையில் தனி ஆள் என்பதால், இயக்குநர் சம்பளம் அங்கே செலவாகிறது. பங்குதாரருக்குப் பங்கிலாபம் மட்டுமே.

கடற்றொழிலின் பங்கு முறை இவை எதிலும் அடங்காது. எரிபொருள், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்த மீதியைப் பங்கிடுவர். படகுக்கும் வலைக்கும் தனிப் பங்கு. மீன் படாத நாளில் தொழிலாளிக்கும் வருமானம் இல்லை.

கள் இறக்குவோருக்காக 1972இல் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. சங்கத்துக்கு அளக்கும் கள்ளுக்கு அங்கத்தவர் பெயரிலேயே வரவு வைக்கப்படும். இலாபம் முழுவதையும் பிரித்தெடுக்க முடியாது. ஒரு பகுதி ஒதுக்க நிதிக்குப் போக வேண்டும். கூட்டுறவுத் திணைக்களத்தின் கணக்காய்வும் உண்டு. ஆனால் பொதுக்கூட்டத்தில் ஐந்தொகை வாசிக்கப்படும்போது கேள்வி கேட்கும் உரிமை அங்கத்தவருடையது. அதை அவர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது.