இடது காலுக்குக் கீழே ஒரு சுவிச்

சென்ற மார்கழியில் ஓரிரவு, நான் படுக்கைக்குப் போகும் வேளையில், கனடாவிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். சுகம் விசாரிப்பதற்கு முன்னரே அவன் கேட்ட கேள்வி என்னை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

"மாமா, அந்த நாளையிலை உங்கடை பேப்பர் வானிலை காலாலை மிதிச்சுத்தான் லைற்றை டிம் பண்ணுறதெண்டு சொல்லுவியள். அது மெய்யே?"

மெய்தான். 1960களின் இறுதியில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், அச்சுக்கூடத்திலிருந்து பின்னிரவில் புறப்படும் மொறிஸ் மைனர் வானில் பத்திரிகைக் கட்டுகளோடு கட்டாக வவுனியா வரை சிலமுறை பயணம் செய்திருக்கிறேன். ஆனையிறவுப் பாதையில் எதிரே லொறி ஒன்று வருமாயின், அது வந்து சேர்வதற்கு நெடுநேரம் முன்பே அதன் வெளிச்சம் உப்பளவெளியின் மேல் தெரியத் தொடங்கிவிடும். எங்கள் சாரதி அண்ணை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் வண்டி ஓட்டுவார். கிளச்சுக்கு இடப்புறத்தில், தரையிலிருந்து முளைத்த காளான்போல ஒரு பொத்தான். லொறி ஓரளவு நெருங்கியதும் அவருடைய இடது கால் தானாக நகரும். "டக்" என்றொரு சத்தம். எங்கள் வெளிச்சம் தாழும். மறுகணம் லொறியின் வெளிச்சமும் தாழும். லொறி கடந்ததும் இன்னொரு "டக்". அவருடைய பேச்சு இவற்றால் ஒருபோதும் தடைப்பட்டதில்லை.

மருமகன் இதை வெறும் ஆவலினால் கேட்கவில்லை. 1990களில் யாழ்ப்பாணத்தில் விழுந்த ஷெல் ஒன்று அவனுடைய இடது கையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் கொண்டு போய்விட்டது. இப்போது ஒன்ராறியோவின் கிராமப்புறங்களில் பிக்கப் வண்டியின் முன்னால் கலப்பை பூட்டிப் பனி அகற்றும் தொழில் செய்கிறான். வேலை பெரும்பாலும் இரவில். அங்கே சாரதி ஆசனம் இடப்புறத்தில். முகப்பு விளக்கை உயர்த்தித் தாழ்த்தும் தண்டும் சுக்கானின் இடப்புறத்தில். எஞ்சிய மூன்று விரல்களால் சுக்கானைப் பிடித்தபடி அந்தத் தண்டை மணிக்கட்டால் தள்ளுவது அவன் வழக்கம். சில வேளைகளில் திரும்பும் சைகை விளக்கு எரியும். சில வேளைகளில் ஒன்றுமே நடக்காது. அந்த வாரத்தில், எதிரே வந்த கார் ஒன்று இவனது முழு வெளிச்சத்தில் கண்கூசி, பிறேக் பிடித்துப் பனியில் வழுக்கி வீதியோரத்துக்குப் போய்விட்டதாம். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால், "அந்த மனிசியின்ரை முகம் இன்னும் கண்ணுக்குள்ளை நிக்குது மாமா" என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தரையிலிருந்த அந்தப் பொத்தான் எங்கிருந்து வந்தது, ஏன் போயிற்று என்று தேடத் தொடங்கினேன். வரலாறு சுவையானதாகவே இருந்தது.

மோட்டார் வாகனத்தின் முதற் சிக்கல் வெளிச்சம் போதாமை. மண்ணெண்ணெய் விளக்கு, அசெற்றிலீன் வாயு விளக்கு என்று தொடங்கிய முகப்பு விளக்குகள், 1912இல் கடிலாக் நிறுவனம் மின்சார ஸ்ராட்டரையும் மின் விளக்கையும் ஒரே தொகுதியாக அளித்த பின்னர் விரைவாக மின்மயமாயின. எல்லா வண்டிகளும் கடிலாக் அல்ல. ஃபோர்ட் நிறுவனத்தின் 'ரி' மாதிரி வண்டிக்கு 1915இல் மின் விளக்கு வந்தபோது, அதற்கு மின்சாரம் தந்தது எஞ்சினோடு சுழலும் மக்னீற்றோ. எஞ்சின் வேகமாக ஓடினால் வெளிச்சம் கூடும், மெதுவானால் மங்கும். இருளில் பாதை தெரியாமல் வேகத்தைக் குறைத்தவனுக்குப் பாதை இன்னும் தெரியாமற் போகும். இப்படியொரு ஏற்பாட்டோடு இலட்சக்கணக்கானோர் எப்படித்தான் வண்டி ஓட்டினார்களோ!

வெளிச்சம் கூடியதும் அடுத்த சிக்கல் வந்தது: எதிரே வருபவனின் கண். 1917ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியில், உள்ளேயிருந்த ஒரு நெம்புகோலால் ஒளியைக் கீழே தாழ்த்த முடிந்தது. 1924இல் ஓஸ்ராம் நிறுவனத்தின் 'பைலக்ஸ்' மின்குமிழ் வந்தது. ஒரே குமிழுக்குள் தூர ஒளிக்கு ஓர் இழை, தாழ் ஒளிக்கு வேறோர் இழை. இனி எதையும் அசைக்க வேண்டியதில்லை. மின்சாரத்தை ஓர் இழையிலிருந்து மற்றதற்கு மாற்றினாற் போதும். எஞ்சியிருந்த கேள்வி, அந்த மாற்றத்தைச் செய்வது கையா காலா என்பதுதான்.

1927இல் விடை வந்தது: கால். ஏன் கால் என்பதை விளங்கிக்கொள்ள அக்காலத்துச் சாரதியின் கைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். சுக்கானைத் திருப்ப உதவும் பவர் ஸ்ரியறிங் 1951ஆம் ஆண்டுக் கிறைஸ்லர் கார்களில்தான் விற்பனைக்கு வந்தது. அதுவரை சுக்கானுக்கு இரு கைகளின் பலமும் வேண்டியிருந்தது. வலக்கை அடிக்கடி கியர்த் தடிக்குப் போகும். திரும்புவதற்குச் சைகை காட்ட இடக்கை யன்னலுக்கு வெளியே நீளும்; மின்னி மின்னி எரியும் சைகை விளக்கை பியூக் கார் 1939இல்தான் கொண்டுவந்தது. இத்தனை வேலைகளுக்கு நடுவே கையிடம் இன்னொரு பொறுப்பை ஒப்படைக்க முடியாது. அதே வேளையில் இடது கால், கியர் மாற்றும் நேரம் தவிர, சும்மா இருந்தது. எஞ்சினை இயக்கும் ஸ்ராட்டரையே காலால் மிதித்த காலம் அது. தரையில் இன்னொரு பொத்தான் எவருக்கும் புதுமையாகத் தெரிந்திராது.

பொத்தானின் உள்ளமைப்பு ஒரு கடிகாரத் தச்சனைச் சிரிக்க வைக்கும் அளவுக்கு எளியது. மூன்று முனைகள்: ஒன்றில் மின்சாரம் வரும், மற்ற இரண்டில் ஒன்று தூர ஒளிக்கு, மற்றது தாழ் ஒளிக்கு. மிதிக்கும்போது உள்ளிருக்கும் பற்சக்கரம் ஒரு பல் நகர்ந்து தொடுப்பை மாற்றும்; வில்சுருள் பொத்தானை மேலே தள்ளும். அடுத்த மிதிக்கு மீண்டும் மாறும். இது விளக்கின் முழு மின்னோட்டத்தையும் தானே தாங்கியது என்பது முக்கியம். அமெரிக்காவில் 1940இலிருந்து நியமமான 7 அங்குல 'சீல்ட் பீம்' விளக்கு தூர ஒளியில் 45 வாற்று. இரண்டு விளக்குகளுக்கு 90. அன்றைய 6 வோல்ற்றுப் பற்றரியில் அது 15 அம்பியர். அதைத் தாங்குவதற்காகத்தான் அந்தத் தடித்த பித்தளைத் தொடுப்புகள்.

பிரித்தானியர் இதிலும் தமக்கென ஒரு வழி வைத்திருந்தார்கள். 1930களின் பல பிரித்தானியக் கார்களில் ஒளியைத் தாழ்த்தும்போது, நடுவீதிப் பக்கத்து விளக்கு முற்றாக அணைந்துவிடும். ஓரப் பக்கத்து விளக்கின் பிரதிபலிப்பான் மட்டும் மின்காந்தத்தால் கீழே சாயும். எதிரே வருபவன் ஒற்றை விளக்கைக் கண்டு மோட்டார் சைக்கிள் என்று எண்ணியிருந்தால் அவனைக் குறைசொல்ல முடியாது. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, கால் சுவிச்சும் அதனோடு கூடவே வந்தது. நாம் அமெரிக்காவைப் பார்த்துக் கற்றதல்ல அது. இங்கிலாந்து வழியாக வந்த பழக்கம்.

பொத்தான் தரையைவிட்டுப் போன கதைக்கு ஒரே காரணம் இல்லை. தரை என்பது வண்டியில் மிக அழுக்கான இடம். வட அமெரிக்காவில் பனிக்கு உப்புத் தூவுவார்கள். சப்பாத்தில் ஒட்டி வரும் அந்த உப்புநீர் வழிந்து சேரும் மூலையில்தான் சுவிச் இருந்தது. துருப்பிடித்த சுவிச் நடு இரவில் இரண்டு இழைகளுக்கும் மின்சாரம் தராமல் நின்றுவிட்டால் வீதியே மறைந்துபோகும். ஆனால் துருவைவிடப் பெரிய காரணம், கை ஓய்வு பெற்றதுதான் என்பது என் எண்ணம். பவர் ஸ்ரியறிங் வந்தது. தானியங்கிக் கியர் வந்தது. சைகைக்காகக் கை வெளியே நீள வேண்டிய தேவை போய், சுக்கானுக்கு அருகே சைகை விளக்குத் தண்டு முளைத்தது. அந்தத் தண்டு ஏற்கெனவே விரல்நுனியில் இருக்கும்போது, டிம்மர் சுவிச்சையும் அதனோடு சேர்த்துவிடுவது இயல்பு. ஐரோப்பியரும் யப்பானியரும் அப்படித்தான் செய்தார்கள். 1970களிலும் 1980களிலும் அமெரிக்கக் கார்கள் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. கடைசிவரை பிடிவாதமாக நின்றவை ஃபோர்டின் 'எஃப்' வரிசைப் பிக்கப்புகளும் ஈக்கோனொலைன் வான்களும். 1991ஆம் ஆண்டு மாதிரிகளோடு அவையும் கைவிட்டன.

விரல்கள் எல்லாம் இருப்பவர்களுக்காக எடுக்கப்பட்ட முடிவு அது.

"இப்ப புதுவண்டியிலை எல்லாம் தானா டிம் ஆகுமே?" என்று நான் மருமகனிடம் கேட்டேன். தானியங்கி டிம்மரும் புதிதன்று. ஜெனரல் மோட்டோர்ஸ் 1952இலேயே, எதிர்வரும் வெளிச்சத்தை உணரும் 'ஒட்ரோனிக் ஐ' என்ற மின்கண்ணை டாஷ்போர்டின் மேல் பொருத்தி விற்றது. இன்றைய வண்டிகளில் அந்த வேலையைக் கமெரா செய்கிறது. 2022இல் அமெரிக்க அரசு, எதிர்வரும் வாகனத்தின்மேல் விழும் பகுதியை மட்டும் மங்கச்செய்து மற்றப் பகுதியைப் பிரகாசமாக விட்டுவைக்கும் விளக்குகளுக்கும் அனுமதி அளித்தது. ஆனால் மருமகனின் பதில் சுருக்கமாக இருந்தது: "நான் ஓடுறதே பனியுக்கைதானே மாமா. கண்ணாடியிலை பனி மூடினா கமெராவும் குருடு."

ஆகவே ஸ்காபரோவில் தமிழர் ஒருவர் நடத்தும் கராஜுக்குப் போனான். அவன் முதலில் நினைத்தது, உதிரிப்பாகக் கடையில் இன்றும் கிடைக்கும் பழைய மூன்றுமுனைச் சுவிச்சை வாங்கிப் பூட்டிவிடலாம் என்று. மெக்கானிக் தலையசைத்து மறுத்துவிட்டார். பழைய வண்டியில் சுவிச்சின் ஊடாகவே விளக்குக்கு மின்சாரம் போனது. புதிய வண்டியில் தண்டு எந்த விளக்கையும் எரிப்பதில்லை. "சாரதி ஹைபீம் கேட்கிறார்" என்று கணினிக்குச் செய்தி மட்டும் சொல்கிறது. மின்சாரம் கொடுப்பதும் விளக்கைக் கண்காணிப்பதும் கணினி. அதன் கம்பியை வெட்டி நடுவே பழைய சுவிச்சைப் போட்டால், குமிழ் பழுது என்று அது முறையிடத் தொடங்கும்.

அதிர்ஷ்டவசமாக இவனுடைய வண்டியில் அந்தச் செய்தி ஒரு மெல்லிய கம்பி வழியாகப் போயிற்று. தண்டை ஒருமுறை தள்ளினால் கம்பி கணநேரம் வண்டியின் உடலோடு, அதாவது 'ஏர்த்'தோடு, தொடுக்கப்படும், விளக்கு உயரும். மறுமுறை தள்ளினால் தாழும். ஆகவே மிதித்தால் மூடி, விட்டால் திறக்கும் சாதாரண கால் பொத்தான் ஒன்றை அந்தத் தொடுப்புக்குச் சமாந்தரமாக இணைத்தாற் போதும். தண்டும் முன்போலவே வேலை செய்யும். ஹைபீம் எரிவதைக் காட்டும் நீல விளக்கும் எரியும். வேறு சில வண்டிகளில் தண்டே ஒரு சிறு கணினியாகிவிட்டது. அவற்றில் தொடுவதற்குக் கம்பியே இல்லை.

மெக்கானிக் வண்டியின் மின்வரைபடத்தை எடுத்துப் பார்த்து, மீற்றரால் அளந்து உறுதிசெய்த பிறகே கை வைத்தாராம். சுக்கான் தண்டுக்குள் மஞ்சள் நிறக் கம்பிகள் ஓடும். அவை காற்றுப்பைக்கு உரியவை. பற்றரியைக் கழற்றி, எஞ்சிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்தே அந்த மூடியைத் திறக்க வேண்டும். தரையில் துளையிடவும் அவர் சம்மதிக்கவில்லை. கீழே எரிபொருட் குழாயோ கம்பிக் கட்டோ ஓடக்கூடும். துளையின் வழியே உப்புநீர் ஏறும். 2015இலிருந்து ஃபோர்ட் எஃப்-150 போன்ற வண்டிகளின் உடல் அலுமினியம். அதில் இரும்புத் திருகாணியை முறுக்கினால் உப்புநீர் பட்டு அரிப்பு விரைந்து தொடங்கும். இடது கால் ஓய்வெடுக்கும் மேடையின் ஆணிகளிலேயே ஒரு தகட்டைப் பிணைத்து, அதன் மேல் பொத்தானை வைத்தார். அங்கே கால் பிறேக்கின் மிதியும் இடப்புறத்தில் இருப்பதால், இரண்டும் மோதாத இடத்தைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆயிற்றாம்.

பொருத்திய முதல் வாரத்தில் மருமகன் மீண்டும் அழைத்தான். பொத்தான் வேலை செய்கிறது. ஆனால் பனிச்சப்பாத்தின் தடித்த அடிக்குள்ளால் அது எங்கே இருக்கிறதென்றே கால் அறிவதில்லை என்றான். எங்கள் சாரதி அண்ணை வெறுங்காலோடு ஓட்டியதை அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். அவன் சிரித்தான். பிறகு, மேடையின் விளிம்பில் ஒரு சிறிய மரக்கட்டையை ஒட்டிவிட்டான். சப்பாத்து அதில் தட்டினால், பொத்தான் அதற்கு அடுத்த அங்குலத்தில்.

தை மாதத்தில் இன்னொருமுறை பேசினோம். இரவு வேலை முடிந்து வந்திருந்தான். "டக்கெண்டு சத்தம் மட்டும் இல்லை மாமா" என்றான். கணநேரத் தொடுப்புப் பொத்தானில் பற்சக்கரம் கிடையாது. சத்தம் எப்படி வரும் என்றேன். "மெக்கானிக்கும் அதைத்தான் சொல்லுறார்" என்று சொல்லிவிட்டு, அன்று எத்தனை வண்டிகளுக்கு டிம் பண்ணினான் என்று கணக்குச் சொல்லத் தொடங்கினான்.