எச்சிலும் மிச்சிலும்

உண்டு எஞ்சிய உணவைக் குறிக்கத் தமிழில் எச்சில், மிச்சில் என இரு சொற்கள் உள. எஞ்சுதலிற் பிறந்த எச்சில், 'எச்சிற்கை', 'எச்சிலிலை' என நாள்வழக்கில் வாய்பட்ட இழிவையே சுட்டலாயிற்று. மிஞ்சுதலோடியைந்த மிச்சிலோ, திருக்குறள் விருந்தோம்பல் அதிகாரத்தில், விருந்தினர் உண்டபின் எஞ்சியதனை இல்லறத்தான் உண்ணும் உயர்பொருள் பெற்றது.

எனின், எச்சில் என்றும் இழிவேயோ? அன்று. திருக்காளத்தியிற் கண்ணப்பர் மென்று சுவையறிந்து படைத்த ஊன் எச்சிலேயாம். திருமுன் ஊன் கிடத்தல் கண்டு அநுசிதமென்று வருந்தினார் சிவகோசரியார். அவர்க்கு இறைவன் கனவிற் றோன்றி, வேள்வி அவியினும் அவ்வூன் தனக்கு இனியதென்று அருளிய திறத்தை, 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்துள் விரித்தோதினார்.

ஆகலின், எச்சில் என்பது வாயைப் பற்றியது. தூய்மை என்பது அன்பைப் பற்றியது என்று தெளிக.