‘ஐயா’ போடாத ஆமாம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துப் போரிட்டது. போரிட்ட அதன் ராணுவமோ நிறத்தால் பிரிந்து கிடந்தது. கறுப்பினத்தவருக்குத் தனிப் படைப்பிரிவு. பெரும்பாலோருக்கு மூட்டை தூக்கும் வேலை. ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற கறுப்பினப் பத்திரிகை, பாசிசத்தை வெளியிலும் நிறவெறியை உள்நாட்டிலும் வெல்ல வேண்டும் என்று 1942இல் ‘இரட்டை வெற்றி’ இயக்கம் நடத்தியது.

ஐசக் வுடார்ட் நியூ கினியில் கப்பல் சரக்கு இறக்கும் பிரிவில் இருந்தவர். சார்ஜென்ட். 1946 பிப்ரவரி 12 அன்று ஜார்ஜியா முகாமில் பணி விடுவிப்புப் பெற்று, மனைவியைப் பார்க்க சீருடையோடு பேருந்து ஏறினார். வழியில் கழிப்பறை போய்வர நேரம் கேட்டார். ஓட்டுநர் வைதார். நானும் உன்னைப் போல மனிதன்தான், மரியாதையாகப் பேசு என்றார் இவர். தென் கரோலினாவின் பேட்ஸ்பர்க் வந்ததும் ஓட்டுநர் போலீசைக் கூப்பிட்டார்.

ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவனா என்று காவல் தலைவர் லின்வுட் ஷல் கேட்டார். வுடார்ட் ‘ஆமாம்’ என்றார். ‘ஆமாம், ஐயா’ என்று சொல்லவில்லை. அதற்குத்தான் அடி விழுந்தது என்பது அவருடைய வாக்குமூலம். ஒரு சொல்லை விட்டுவிடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, தோழர்களே.

லத்தியால் இரண்டு கண்களையும் சிதைத்தார்கள். மறுநாள், பார்வை போன அந்த மனிதரை நீதிபதி முன் நிறுத்தி 50 டாலர் அபராதம் விதித்தார்கள். காயம் பட்டது பணி விடுவிப்புக்குச் சில மணி நேரம் கழித்து என்பதால் முழு ஊனமுற்றோர் ஓய்வூதியமும் மறுக்கப்பட்டது.

ஷல் மீது மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அரை மணி நேரத்துக்குள் அவரை விடுவித்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி வேட்டீஸ் வேரிங், தென் கரோலினா வெள்ளையர்தான், அதன் பிறகு பழைய ஆளாக இல்லை. பள்ளிகளில் நிறப் பிரிவினையே சமத்துவ மறுப்பு என்று 1951இல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். உச்ச நீதிமன்றம் அங்கே வந்து சேர 1954 ஆனது.

வுடார்டின் கதை கேட்டு அதிபர் ட்ரூமன் அதிர்ந்தார் என்பது உண்மை. 1948 ஜூலை 26 அன்று ராணுவத்தில் சம நடத்தைக்கு ஆணையிட்டார். ஆனால் அதிர்ச்சி மட்டுமே ஆணை ஆகிவிடாது. பிரிவினை நீடித்தால் கறுப்பின இளைஞர்கள் கட்டாய ராணுவ சேவையை மறுப்பார்கள் என்று தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் அந்த ஆண்டு வெளிப்படையாக எச்சரித்திருந்தார். தேர்தலும் நெருங்கியிருந்தது.

பேட்ஸ்பர்க் நீதிமன்றம் வுடார்ட் மீதான தண்டனையை 2018இல் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு அங்கே நினைவுப் பலகை வைத்தார்கள். அதன் அடியில் பிரெய்ல் எழுத்துகளும் உண்டு. வுடார்ட் 1992இலேயே இறந்துவிட்டார்.