தனி மேசை

கொரிய நாடகங்களில் எனக்குப் பிடித்த காட்சி சாப்பாட்டு மேசைதான். நடுவில் கொதிக்கும் ஒரே சட்டி, அதற்குள் நான்கைந்து கரண்டிகள். குடும்பத்தினரைக் குறிக்க அவர்களிடம் 'சிக்கு' என்றொரு சொல் உண்டு. நேர்ப்பொருள், உண்ணும் வாய். இப்படிச் சேர்ந்து உண்பது ஆயிரமாண்டுப் பழக்கம் என்றே நம்பியிருந்தேன்.

எங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்த கொரியப் பொறியாளரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "எங்க தாத்தாவுக்குத் தனி மேசை. பாட்டி எங்க சாப்பிட்டாங்கனு கேளுங்க" என்றார்.

தேடிப் படித்தேன். ஜோசோன் அரசர்களின் காலத்தில் (1392–1910) மேட்டுக்குடி வீடுகளில் 'சோபான்' என்ற சிறிய மரமேசை இருந்தது. ஒருவர் தூக்கி வரும் அளவு. வீட்டுப் பெரியவருக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று. யார் பெரியவர், யார் சிறியவர் என்ற கன்பூசிய ஒழுங்கு சோற்றிலும் நின்றது. பெண்கள் பெரும்பாலும் அடுப்படியிலேயே உண்டார்கள்.

அந்த அடுப்படி மற்ற அறைகளைவிடத் தாழ்வானது. அடுப்பின் சூடும் புகையும் அறைகளின் தரைக்கு அடியில் ஓடி வீட்டைக் கதகதப்பாக்கும், 'ஒந்தோல்' என்பார்கள். அருமையான பொறியியல்தான். ஆனால் சமைத்தவள் கீழே நின்றாள். அங்கிருந்துதான் சோபானை மேலே தூக்கினாள்.

எல்லாரும் சுற்றி உட்காரும் மேசை வீடுகளில் பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். 1950–53 போருக்குப் பிறகு, அமெரிக்க முகாம்கள் இருந்த உய்ஜோங்பு நகரில், அங்கிருந்து வெளிவந்த டின் இறைச்சியையும் சாசேஜையும் கிம்ச்சியோடு கொதிக்கவைத்துப் 'புதே ஜிகே' பிறந்தது. படைமுகாம் குழம்பு. நாம் இன்று ரசிக்கும் அந்த ஒரே சட்டிக்குள் போரும் பசியும் கிடக்கின்றன.

அப்படியானால் பழையது எது? குளிர்காலத்துக்கு முன் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, மொத்தமாகக் கிம்ச்சி போட்டுப் பகிர்ந்துகொள்ளும் 'கிம்ஜாங்'. யுனெஸ்கோ 2013இல் தென்கொரியாவின் கிம்ஜாங்கைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. 2015இல் வடகொரியாவின் கிம்ச்சி மரபையும் சேர்த்தது. சேர்ந்து உண்ண இடமில்லாதவர்கள்தான் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள்.

அவர் கேட்கச் சொன்ன கேள்வி என் வீட்டுக்கும்தான். தோட்டத்து வீட்டில் தீபாவளிக்கு இருபது பேர் பந்தியில் உட்காருவோம். பாட்டி பரிமாறுவார். "சாப்டியா, இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார். அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. கேட்டதும் இல்லை. இப்போது கேட்கலாமென்றால் பாட்டி இல்லை.

இந்தத் தீபாவளிக்கு அம்மாவை முதலில் உட்காரச் சொன்னேன். "நீங்கலாம் சாப்பிடுங்கப்பா, நான் அப்புறம்" என்றார். தட்டைத் தூக்கிக்கொண்டு நான் அடுப்படிக்குப் போனேன்.